புல்தரையில் பாசி: முதலில் வடிகால்

நேயர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை அடைமழை விட்ட மறுநாள் காலையில் வீட்டு முன்புறப் புல்தரையில் கால் வைத்தவர்களுக்கு இன்றைய பொருளை விளக்க வேண்டியதில்லை. மண் சதக்கென்று உள்வாங்கும். கால்தடத்தில் நீர் ஊறி நிற்கும். மதில் ஓரத்திலும் மாமரத்தடியிலும் புல் இருந்த இடமெல்லாம் பாசி படர்ந்திருக்கும். மாசி வெயிலில் அந்தப் பாசி பொருக்காகி உரியும்போது, அடியில் புல் இல்லாத மொட்டை மண்தான் மிஞ்சும். கல்லூரியில் தாவரவியல் கற்பித்த காலத்திலிருந்து இன்றுவரை என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி, "பாசிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் மண்ணைப் பற்றிக்கொண்டு, இலைப்பரப்பின் வழியாகவே அது நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அது புல்லைக் கொல்வதில்லை. நீர் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் புல் நலிந்து விட்டுச்சென்ற இடத்தில்தான் வந்து குடியேறுகிறது. மழைக்குப்பின் கரும்பச்சைக் கூழாகத் திரளுமே, வழுக்கி விழச் செய்யுமே, அது வேறு உயிர், நீலப்பசும்பாசி. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். இரண்டுக்கும் வேண்டியது வடியாத ஈரம். அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட் உப்பைக் கரைத்துத் தெளித்தால் பாசி கருகும், உண்மைதான். ஆனால் நீர் நிற்கும்வரை அடுத்த ஐப்பசியில் அது திரும்ப வரும். சிமெண்டுத் தரையில் அன்னபேதியின் துருக்கறை மட்டும் நிலைத்துவிடும்.

சரி, நீர் ஏன் நிற்கிறது? இதை எனக்குக் கற்பித்தவர் எங்கள் தெருவில் வசித்த ஒரு பெரியவர். மன்னார்குடிக்கு வெளியே நான் வீடு கட்டிய மனை, ஒரு காலத்தில் நஞ்சை. இரண்டு முறை புல் பதித்து இரண்டு முறையும் அழுகிப்போன பிறகு, வாழ்நாள் முழுவதும் வயலுக்கு நீர் பாய்ச்சிய அந்தப் பெரியவர் ஒருநாள் கடப்பாரையுடன் வந்தார். தோட்டத்தில் ஏழெட்டு இடங்களில் குத்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் கடப்பாரை அரையடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிறகு டங்கென்று நின்றது. "பாத்தீங்களா ஐயா, இது நடவு வயலுங்க. தண்ணி கீழ எறங்கக் கூடாதுன்னு எங்க அப்பன் பாட்டன் காலத்துலேருந்து மிதிச்சு வச்ச தரை. இது மேல புல்லப் போட்டா அது என்ன செய்யும்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் மண்ணியல் பாடம் முழுவதும் இருந்தது. சேற்றுழவின் நோக்கமே நீரைத் தேக்குவதுதான். சேறு கலக்கும்போது மண்ணின் நுண்துளைகள் அடைபடுகின்றன. கலப்பையும் மாட்டுக் குளம்பும், பின்னாளில் டிராக்டர் சக்கரமும் அழுத்தி அழுத்தி, அரையடிக்கும் முக்கால் அடிக்கும் இடையில் ஓர் இறுகிய அடுக்கு உருவாகிறது. நெல்லுக்கு அது வரம். அதே நிலத்தில் மனை போட்டு, மேலே செம்மண் கொட்டிப் புல் பதித்தால், அந்த அடுக்கு கீழே ஒரு தட்டுப்போல இருந்து நீரைத் தாங்கிக்கொள்கிறது. காவிரி டெல்டாவின் புதுநகர்களில் எத்தனை வீடுகள் பழைய வயல்மீது நிற்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் தோட்டத்தைக் குத்திப் பாருங்கள். பிறகு ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் போதுமானது. அரை அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் வடிகால் அமைக்காமல் வழியில்லை. இதை மாசி மாதத்தில் செய்யுங்கள். அடைமழையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடுவதால், அப்போது எந்தக் குழியும் வடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். களிமண் என்றதும் இரண்டு வண்டி ஆற்று மணலைக் கொட்டிக் கிளறிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மணல் பாதிக்கு மேல் இருந்தாலொழியக் களியின் தன்மை மாறாது. கொஞ்சம் மணல் கலந்த களி காய்ந்தால் செங்கல்போல் இறுகும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளி அள்ளி ஆறு எவ்வளவு கீழிறங்கிவிட்டது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். பயன்படாத ஒரு வேலைக்கு அந்த மணலை வீணாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மணலுக்குப் பதில் மட்கிய எருவைப் போடுங்கள். கோடையில் நம் கரிய களிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது, அந்த வெடிப்புகளில் மட்கு எருவைத் தூவிப் பெருக்கிவிடுங்கள். மண் தானே வாய் திறந்து கேட்பதைக் கொடுப்பது அது.

அடுத்து, நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாலையைப் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. மாடிக் குழாய் நேரே புல்லின்மேல் கொட்டுகிறதென்றால் முதலில் அதைத் திருப்புங்கள். பிறகு ஓரமாக ஒன்றரை அடி ஆழத்தில் நீர் ஓடிப்போக ஒரு வாரி வெட்டுங்கள்; இறுகிய அடுக்கை அது கடக்க வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடி சரிவு போதும்; நாற்பது அடி நீளமானால் ஏறத்தாழ ஐந்து அங்குலம். அதில் செங்கல் சல்லியை நிரப்பி, மேலே தேங்காய் நாரைப் பரப்பி மண் மூடலாம். நீர் போய்ச் சேர ஒரு குளமோ தெருவடிகாலோ வேண்டும். உறிஞ்சுகுழியை நம்பாதீர்கள், காரணம் முன்பே சொன்னதுதான்: மழைக்காலத்தில் அதுவும் நிரம்பி நிற்கும்.

நீரை இறக்க இடமே இல்லாதவர்கள் நிலத்தை உயர்த்துங்கள். கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்திருப்பீர்கள். நீர் தேங்கினால் கொடி தாங்காது. ஆகவே பாத்தியை உயர்த்தி, இடையில் ஆழமான வாய்க்கால் விட்டிருப்பார்கள். உங்கள் புல்தரையின் நடுவை அரையடி உயர்த்தி, நாற்புறமும் சரித்துவிட்டால் அதே வேலைதான். இந்த வட்டாரத்துக்கு இதைவிட நம்பகமான வழியை நான் பார்க்கவில்லை.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோட்டத்து மாமரத்தையும் மூன்று தென்னைகளையும் சாய்த்தது. அந்த இழப்பு இன்றும் மனத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு ஒன்றைக் கவனித்தேன். வெயில் விழத் தொடங்கிய மேட்டுப்பகுதியில் அருகம்புல் தானாகவே ஓடிப் பாசியை மூடிவிட்டது. அதே வெயில் விழுந்தும், நீர் நின்ற தென்மூலையில் பாசி அப்படியே இருந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதலில் வடிகால், பிறகு வெயில்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாசி வந்தால் மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடு என்று குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் சொல்லும். நம் டெல்டா மண் பெரும்பாலும் புளிப்புடையதன்று, பரிசோதிக்காமல் போடாதீர்கள். ஜிப்சமும் சோடியம் மிகுந்த களர்மண்ணுக்கே பயன்படும். மண் லேசாக ஈரமாக இருக்கும் தை, மாசியில் தோட்ட வேலைக்கான இரும்பு முள்கரண்டியால் நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்தித் துளையிடுங்கள். சேறாக இருக்கும்போது நடக்கவே நடக்காதீர்கள். வெயில் படும் இடத்துக்கு அருகம்புல், அரை நிழலுக்கு எருமைப்புல். முழு நிழலில் புல்லே வேண்டாம். மழைக்காலத்தில் புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலமாவது விட்டுவையுங்கள். வணக்கம்.