மவுஸை எடுத்து டிராயரில் வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தரமணியிலும் ஓஎம்ஆர் நெடுகிலும் இணையதளம் வடிவமைக்கிறவர்கள், அதைக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் எடுக்கிறேன். மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் பயன்படுத்துகிற மாதிரி ஒரு தளத்தை அமைக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பார்கள். மவுஸை எடுத்து டிராயரில் வைத்துவிட்டு, தினமும் போகிற ஒரு தளத்தைக் கீபோர்டால் மட்டும் பயன்படுத்திப் பாருங்கள் என்பேன்.

டேப் கீயைத் தட்டத் தட்ட ஒவ்வொரு இணைப்பாக, ஒவ்வொரு பட்டனாக நகர வேண்டும். எங்கே நிற்கிறோம் என்பதை ஒரு கோடு சுற்றிவந்து காட்ட வேண்டும். அந்தக் கோடு அழகைக் கெடுக்கிறது என்று பல தளங்களில் வடிவமைத்தவரே எடுத்துவிடுகிறார். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாத ஒருவர் அந்தக் கோட்டை நம்பித்தான் நகர்கிறார். அதை எடுத்துவிட்டால் அவருக்கு வழியே தெரியாது.

அப்புறம் என்விடிஏ. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள். மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் இதைத் தொடங்கினார். பாடம் படிக்கிற எல்லோரும் முதல் நாளே இதைக் கணினியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு மாணவி செய்த பதிவுப் படிவத்தை வகுப்பில் இப்படித்தான் ஓடவிட்டோம். பார்க்க அத்தனை நேர்த்தி. டேப் தட்டினோம். 'எடிட், பிளாங்க்' என்றது குரல். மறுபடி தட்டினோம், மறுபடியும் 'எடிட், பிளாங்க்'. எது பெயர், எது கைபேசி எண் என்று எதுவுமே சொல்லவில்லை. 'பெயர்' என்ற சொல் பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இந்தப் பெட்டியின் பெயர் இதுதான் என்று நிரலில் சொல்லும் லேபிள் டேக் போட்டுப் பெட்டியோடு அதை இணைக்கவில்லை. கடைசியில் இருந்த பச்சை நிற 'சமர்ப்பி'யைக் குரல் சொல்லவே இல்லை. அது பட்டன் டேக் அல்ல, வண்ணம் பூசிய ஒரு டிவ், அதாவது பட்டன் என்று கணினிக்குத் தெரியாத வெறும் பெட்டி. டேப் அதைத் தொடாமலே தாண்டிப் போய்விட்டது. திருத்த வேண்டியது சில வரிகள்தான். அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள், குரல் 'பெயர்' என்று வாசித்தது.

தமிழ்த் தளங்களுக்கென்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. ஆங்கிலப் பாடங்களில் இவை வராது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பக்கத்தின் நிரலில், தொடக்கத்திலேயே, மொழி தமிழ் என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் பார்த்துக் குழறும், அல்லது பேசாமல் தாண்டிவிடும். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கண்ணுக்கு அவை தமிழ்தான். உள்ளே இருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும், குரலும் அவற்றைத்தான் வாசிக்கும், ஒரு சொல்லும் விளங்காது. அதைவிட மோசம், கையெழுத்தும் முத்திரையுமாக ஸ்கேன் செய்து ஏற்றிய சுற்றறிக்கை. எழுத்தெல்லாம் படமாகிவிட்டதால் வாசிக்க அதில் ஒன்றுமே இருக்காது. உதவித்தொகை அறிவிப்பே அப்படி வந்தால், யாருக்காக அறிவிப்பு போட்டார்களோ அவருக்கே அது போய்ச் சேராது.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகக் குரல் வாசிக்கிற சொற்கள், எழுதும்போது அந்தப் படம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று யோசியுங்கள். தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பூதக்கண்ணாடிப் படத்துக்கு 'தேடு' என்று எழுத வேண்டும், 'பூதக்கண்ணாடி' என்றல்ல. காணொளி என்றால் காது கேளாதவர்களுக்கு வசனவரிகள் வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்குமான ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். இதெல்லாம் டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டியில் இருக்கிறது. முதல் பதிப்பு 1999இலேயே வந்தது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கேட்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வங்கிக் கணக்குக்கு அடையாளம் சரிபார்க்கும்போது கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்களே, அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர் என்ன செய்வார்? பார்வையற்றவர் என்ன செய்வார்? அந்த வழக்கில்தான், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பானது. வடிவமைப்பாளர்கள் எல்லோரும் இந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, சட்டமும் வழிகாட்டியும் இருக்கட்டும். தளத்தைத் தானாகச் சோதிக்கும் கருவிகள் முழுக் கதையையும் சொல்வதில்லை. ஒரு படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று கருவி சொல்லிவிடும், அது பொருத்தமாக இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குத் தளத்தை இப்படிக் குரலாலும் கீபோர்டாலும் பயன்படுத்துகிற மனிதர்கள் வேண்டும். சென்னையில் அவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்ற வாசகர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. போய்ப் பேசுங்கள், உங்கள் தளத்தைப் பயன்படுத்திப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வருகிறவருக்கு அன்றைய ஊதியத்தையும் ஆட்டோ செலவையும் கொடுத்துவிடுங்கள், அவர் செய்வது தொழில்முறைச் சோதனை. அவர் தடுக்கி நிற்கிற இடத்தில் உடனே மவுஸைப் பிடுங்கி உதவப் போகாதீர்கள். பேசாமல் குறிப்பெடுங்கள். அந்த இடத்தைத் திருத்தி முடித்ததும் அவரையே மறுபடி கூப்பிடுங்கள். வணக்கம்.