சிறந்த ஆட்டக்காரர் எவ்வாறு தேர்வாகிறார்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2024 ஜனவரி 15 அன்று லண்டனில் நடந்த, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் ‘தி பெஸ்ட்’ விருது விழாவில், 2023ஆம் ஆண்டின் சிறந்த ஆண் வீரராக லயனல் மெஸ்ஸியின் பெயர் வாசிக்கப்பட்டது. விருதைப் பெற்றுக்கொள்ள மெஸ்ஸி அரங்கில் இல்லை. கத்தாரில் உலகக் கோப்பையை வென்றவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த இறுதி ஆட்டம் நடந்தது 2022 டிசம்பர் 18 அன்று. விருதுக்குக் கணக்கில் கொள்ளப்பட்ட காலமோ அதற்கு மறுநாள் தொடங்கி 2023 ஆகஸ்ட் 20 அன்று முடிவடைந்தது. விதிப்படி பார்த்தால் உலகக் கோப்பைக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆகிய மூன்றையும் ஒருசேர வென்றது மான்செஸ்டர் சிட்டி. அதன் எர்லிங் ஹாலண்ட் அந்தப் பருவத்தில் மட்டும் 52 கோல்கள் அடித்திருந்தார். மெஸ்ஸியின் பங்கில் இருந்தவை பாரிஸ் அணியோடு பிரெஞ்சு லீக் பட்டமும், இன்டர் மியாமியோடு லீக்ஸ் கோப்பையும்தான்.

இருந்தும் இருவரும் 48 புள்ளிகளில் சமமாக நின்றார்கள். அந்தச் சமநிலை எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் இத்தகைய விருதுகளின் சூட்சுமம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஃபிஃபாவின் விருதுக்கு நான்கு தரப்பினர் வாக்களிக்கிறார்கள்: தேசிய அணிகளின் தலைவர்கள், அந்த அணிகளின் பயிற்சியாளர்கள், நாட்டுக்கு ஒருவர் வீதம் விளையாட்டுச் செய்தியாளர்கள், இணையவழியே ரசிகர்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலிடத்துக்கு 5, அடுத்ததற்கு 3, மூன்றாவதற்கு 1 புள்ளி. நான்கு தரப்புக்கும் சரிசமமாகக் கால் பங்கு மதிப்பு. இதுவரை குழப்பமில்லை. ஆனால் ஒரு தரப்பின் மொத்த வாக்குகளும் எண்ணி முடிக்கப்பட்ட பிறகு, அந்த எண்ணிக்கை அப்படியே மேலே செல்வதில்லை. அந்தத் தரப்பில் முதலில் வந்தவருக்கு 13, இரண்டாமவருக்கு 11, மூன்றாமவருக்கு 9 என்று புதிதாகப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. செய்தியாளர்கள் ஹாலண்டுக்கு அளித்தவை 729 புள்ளிகள், மெஸ்ஸிக்கு 315. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆயினும் அந்தப் பெரிய இடைவெளி, விதியின் வாய்க்குள் போய் வெளியே வரும்போது 13க்கும் 11க்கும் இடையிலான வெறும் இரண்டு புள்ளிகளாகச் சுருங்கிவிட்டது. பயிற்சியாளர்களும் ஹாலண்டையே முன்னிறுத்தினார்கள். அணித்தலைவர்களும் ரசிகர்களும் மெஸ்ஸியை முன்னிறுத்தினார்கள். இருவருக்கும் இரண்டு பதின்மூன்று, இரண்டு பதினொன்று, ஆக 48.

சமநிலை வந்தால் அணித்தலைவர்களின் முதலிட வாக்குகளை யார் அதிகம் பெற்றாரோ அவரே வென்றவர் என்கிறது விதி. அதில் மெஸ்ஸிக்கு 107, ஹாலண்டுக்கு 64. வேடிக்கை என்னவென்றால், அர்ஜென்டினா அணியின் தலைவர் என்ற முறையில் மெஸ்ஸி தம்முடைய முதலிட வாக்கை ஹாலண்டுக்குத்தான் போட்டிருந்தார்.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லாம் முன்கூட்டியே அச்சிட்ட விதிகளின்படி நடந்தது. யார் யாருக்கு வாக்களித்தார் என்ற பட்டியலையும் ஃபிஃபா வெளியிட்டது. ஆனால் ‘உலகின் சிறந்தவர்’ என்று நாம் கொண்டாடும் பெயர், ஆடுகளத்தில் மட்டும் உருவாவதில்லை. யார் வாக்களிக்கிறார்கள், எந்தக் காலம் கணக்கில் வருகிறது, வாக்குகளை எப்படிக் கூட்டுகிறார்கள் என்ற மூன்றும் மாறினால் பெயரும் மாறிவிடக்கூடும்.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. இவ்விருதுகளில் மூத்ததான பாலன் டி ஓர் விருதை 1956இல் ‘பிரான்ஸ் ஃபுட்பால்’ இதழ் தொடங்கியது. முதல் விருதைப் பெற்ற இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸுக்கு அப்போது வயது 41. ரியல் மாட்ரிட்டின் ஆல்ஃபிரடோ டி ஸ்டெஃபானோவை அவர் மூன்றே புள்ளிகளில் முந்தினார். 1995 வரை ஐரோப்பிய நாட்டவருக்கு மட்டுமே அந்த விருது உரியதாக இருந்தது. ஆகவே பெலேயின் பெயரும் மரடோனாவின் பெயரும் அதன் வெற்றியாளர் பட்டியலில் இல்லை. கதவு திறந்த அதே ஆண்டில் லைபீரியாவின் ஜார்ஜ் வியா வென்றார். ஃபிஃபா 1991இல் தனியே ஒரு விருதைத் தொடங்கியது. 2010 முதல் 2015 வரை இரண்டும் ஒன்றாக இணைந்து ஒரே விருதாக வழங்கப்பட்டன.

இணைப்பின் முதல் ஆண்டிலேயே அதன் விளைவு தெரிந்தது. இன்டர் மிலானுக்காக மூன்று பட்டங்களை வென்று, நெதர்லாந்தை உலகக் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்ற வெஸ்லி ஸ்னைடர், செய்தியாளர்களின் வாக்கில் முதலிடம் பெற்றார். செய்தியாளர்கள் மட்டும் வாக்களித்த பழைய பாலன் டி ஓர் முறையே நீடித்திருந்தால் விருது அவருக்குத்தான். அணித்தலைவர்கள், பயிற்சியாளர்களின் வாக்குகளையும் சேர்த்தபோது அவர் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார், மெஸ்ஸி வென்றார்.

2016இல் இரு விருதுகளும் மீண்டும் பிரிந்தன. பிரிந்ததன் விளைவை 2024இல் கண்கூடாகப் பார்த்தோம். அக்டோபரில் பாரிஸில் பாலன் டி ஓர் விருது மான்செஸ்டர் சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரிக்குச் சென்றது; டிசம்பரில் ஃபிஃபா விருது ரியல் மாட்ரிட்டின் வினிசியஸ் ஜூனியருக்குச் சென்றது. பாரிஸ் விழாவில் தங்கள் வீரர் வெல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் ரியல் மாட்ரிட் குழுவினர் ஒருவர்கூட அங்கே போகவில்லை. முழங்காலில் காயம்பட்டிருந்த ரோட்ரி ஊன்றுகோல்களோடு மேடையேறினார். சதி என்று பேசியவர்கள் பலர். எனக்கு அது கணக்கின் விளைவாகவே தெரிகிறது. பாலன் டி ஓரில் ஃபிஃபா தரவரிசையின் முதல் 100 நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒரு செய்தியாளர் பத்துப் பெயர்களை வரிசைப்படுத்துகிறார். ரோட்ரிக்கு அடுத்த மூன்று இடங்களிலும் வந்தவர்கள் வினிசியஸ், பெல்லிங்கம், கார்வகால் என்ற ரியல் மாட்ரிட் வீரர்களே. ஒரே அணியின் வாக்கு மூன்றாகப் பிரிந்த இடத்தில், வினிசியஸுக்கு ரோட்ரியைவிட 41 புள்ளிகள் குறைந்ததில் வியப்பில்லை. ‘பிரான்ஸ் ஃபுட்பால்’ இதழின் ஆசிரியரும் அப்போது ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

நூறு நாடுகள் என்ற அந்த வரம்பு நம்மையும் தொடுகிறது. இந்தியா அந்த நூறுக்குள் இல்லாத ஆண்டுகளில் இந்தியச் செய்தியாளருக்குப் பாலன் டி ஓரில் வாக்கு இல்லை. ஃபிஃபா விருதிலோ இந்திய அணியின் தலைவருடைய வாக்குக்கும் பிரேசில் தலைவருடைய வாக்குக்கும் மதிப்பு ஒன்றே. கால்பந்தை நாள்தோறும் கவனித்து எழுதுவதே தொழிலாகக் கொண்டவர்களிடம் மட்டும் வாக்கை விடுவதா, விளையாடும் எல்லா நாடுகளுக்கும் பகிர்வதா என்பதில் எனக்கு முன்னதுதான் உவப்பு. தன் நாட்டு ஆட்டங்களுக்கே நேரம் போதாத ஓர் அணித்தலைவர், ஐரோப்பாவின் பருவம் முழுவதையும் பார்த்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை; அவர் தமக்குத் தெரிந்த பெரிய பெயரைத்தான் எழுதுவார்.

பெரிய பெயர்களுக்கே வாக்குப் போகும் இடத்தில் கோல் காப்பாளர்களும் தடுப்பாட்டக்காரர்களும் பின்தங்கிவிடுகிறார்கள். பாலன் டி ஓரை வென்ற ஒரே கோல் காப்பாளர், 1963இல் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின். பெண்களின் நிலை இன்னும் தாமதம்: ஃபிஃபா 2001இலும், பாலன் டி ஓர் 2018இலும்தான் அவர்களுக்கு விருது வழங்கத் தொடங்கின.

பயிற்சியாளர் விருதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிஃபா இதை 2010இலேயே தொடங்கி, ஆண்கள் அணிக்காக ஜோசே மொரின்யோவுக்கும் பெண்கள் அணிக்காக சில்வியா நைடுக்கும் வழங்கியது. பாலன் டி ஓர் விழாவில் இது சேர்ந்தது 2024இல்தான். கார்லோ ஆன்செலோட்டியும் எம்மா ஹேய்ஸும் முதலில் பெற்றார்கள். வீரரை மதிப்பிடுவதைவிடப் பயிற்சியாளரை மதிப்பிடுவது கடினம் என்பது என் எண்ணம். வீரரின் ஓட்டமும் பந்தைக் கடத்தும் விதமும் கண்ணுக்குத் தெரியும்; பயிற்சியாளரின் வேலையில் பெரும்பகுதி பயிற்சித் திடலிலும் உடைமாற்று அறையிலும் நடந்து முடிந்துவிடுகிறது. வாக்களிப்பவருக்குக் கடைசியில் மிஞ்சுவது கோப்பைகளின் எண்ணிக்கை மட்டுமே. பணபலமும் வீரர் பலமும் உள்ள அணிக்கே கோப்பை அதிகம் சேரும் என்பதால், விருதும் பெரும்பாலும் அங்கேயே போகிறது.

விதிவிலக்காக நிற்பது 2016. சாம்பியன்ஸ் லீக் வென்ற ஜிடேனும், போர்ச்சுகலுக்கு ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்த ஃபெர்னாண்டோ சான்டோஸும் இறுதிப் பட்டியலில் இருந்தபோது, லெஸ்டர் சிட்டி என்ற சிறிய அணியை இங்கிலாந்தின் சாம்பியனாக்கிய கிளாடியோ ரனியேரியை வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கையிலிருந்த வளத்தையும் கிடைத்த பலனையும் ஒப்பிட்டுப் பார்த்து அளித்த தீர்ப்பு அது. 2017 ஜனவரி 9 அன்று ஜூரிச்சில் ரனியேரி விருதைப் பெற்றார். பிப்ரவரி 23 அன்று, தோல்விகள் தொடர்ந்ததால், லெஸ்டர் நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

நன்றி, வணக்கம்.