பியானோ கீ துடைக்கிறோம்னு கெடுத்துடாதீங்க!

கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டுவர்றேன். இந்த வெள்ளை கீயோட முன் ஓரம் தெரியுதா? இது வெறும் தூசி இல்ல. விரல் எண்ணெயும் வேர்வையும் தூசியோட சேர்ந்து இறுகின பிசுக்கு. காஞ்ச துணியால எவ்வளவு தேய்ச்சாலும் இடம் மாறுமே தவிர போகாது. ஈரம் வேணும். ஆனா ஈரம்தான் இங்க ஆபத்தும்கூட. மேல பளபளன்னு தெரியற பிளாஸ்டிக் ஒரு மெல்லிசான தகடு, அவ்வளவுதான். அடியில முழுக்க மரம். அந்த மரத்துல ரெண்டு இடத்துல ஃபெல்ட், அதாவது கம்பளித் துணி மாதிரி மெத்தை, ஒட்டின துளை இருக்கு, அதுக்குள்ள ஒரு உலோகக் குச்சி நிக்குது. தண்ணி அங்க இறங்குச்சுன்னா ஃபெல்ட் உப்பிடும். அப்புறம் கீயை அழுத்தினா மேல எழும்பாது.

அதனால அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டே ரெண்டு சொட்டு. துணி வெள்ளையா இருக்கட்டும், சாயம் போற துணி கீயில கறை வச்சிடும். நல்லாப் பிழிஞ்சு புறங்கையில அழுத்திப் பாருங்க, ஈரம் ஒட்டக்கூடாது. இப்ப கையைப் பாருங்க: பின்னாலிருந்து என் பக்கமா, நீளவாக்குல இழுக்கறேன். குறுக்க துடைச்சா அழுக்குத் தண்ணி நேரா கீ இடுக்குல போய் விழும். ஒரு ஆக்டேவ், அதாவது வெள்ளையும் கறுப்புமா பன்னண்டு கீ, முடிஞ்சதும் உடனே காஞ்ச துணி. மொத்தம் 88 கீயையும் நனைச்சுட்டு அப்புறம் துடைச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. கறுப்பு கீக்குத் தனித் துணி. பழைய பியானோன்னா கறுப்புச் சாயம் கொஞ்சம் வரும், அது வெள்ளையில ஏறக்கூடாது.

ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே எதுவும் வேண்டாம். ஆல்கஹால் பட்டுப் பட்டு கீ மேல இருக்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக்ல மயிரிழை மாதிரி விரிசல் விழும். பற்பசை அழுக்கை எடுக்கும், கூடவே மினுமினுப்பையும் அராவி எடுத்துடும்.

ரொம்பப் பழைய பியானோவா? லைட்டைச் சாய்வா அடிச்சுப் பாருங்க. வெள்ளையில மெல்லிசா ரேகை ஓடி, கறுப்பு கீ ஆரம்பிக்கிற இடத்துல ஒரு ஒட்டுக்கோடு தெரிஞ்சா, அது பெரும்பாலும் தந்தம். அதை ஒட்டியிருக்கிறது விலங்குப் பசை, ஈரம் பட்டா இளகி ஓரம் தூக்கிடும். துணியில ஈரம் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்குத்தான் இருக்கணும். எலுமிச்சை, வினிகர் கிட்டயே வரக்கூடாது. தந்தம் இருட்டுல கிடந்தா மஞ்சளாகும், அதனால பகல்ல மூடியைத் திறந்து வைங்க. நேர் வெயில் மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் மஞ்சளாயிருந்தா அது உள்ளேயே நிறம் மாறினது, தேய்ச்சுப் பிரயோஜனமில்ல.

டிஜிட்டல் பியானோன்னா முதல்ல ஸ்விட்ச் ஆஃப். கீக்குக் கீழ ரப்பர் கான்டாக்ட் இருக்கு. ஈரம் போச்சுன்னா அந்த நோட்டு சத்தம் தாறுமாறா வரும், இல்ல வரவே வராது.

அப்புறம், கீ ஒண்ணு அழுத்தினா அப்படியே தங்கிடுதா? எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே கூடாது, ஃபெல்ட் உறிஞ்சி வச்சுக்கும். டார்ச் அடிச்சு இடுக்குல நாணயமோ பென்சில் துண்டோ கிடக்கான்னு பாருங்க. ஒரே சமயத்துல நாலஞ்சு கீ மந்தமாச்சுன்னா அது பெரும்பாலும் அறையோட ஈரப்பதம். 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள கொண்டுவந்து சில நாள் விட்டுப் பாருங்க. அதுக்கும் சரியாகலன்னா பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ட்யூனரைக் கூப்பிடுங்க. துளையைத் தளர்த்தறதுக்கு அவங்ககிட்ட தனி பிளையரே இருக்கு, ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீங்க.