ஊரில் எந்தப் பக்கம்?

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, தை மாதக் குளிரையும் கொசுவையும் பொருட்படுத்தாமல் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சீர்காழி மக்களே, வணக்கம்.

இளைஞர்கள் தங்களை யாரென்று கண்டுகொள்வது கதைகளிலா, வாழ்க்கையிலா என்பது தலைப்பு. கதைகளில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சற்றுமுன் ஒரு போடு போட்டார்: "கதை சோறு போடுமா?" கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் ஐயா, கேட்கக் கூடாத ஊரில் வந்து கேட்டுவிட்டீர்கள். இங்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பூம்புகார். அள்ள அள்ளக் குறையாமல் சோறு போட்ட பாத்திரத்தைக் கையில் ஏந்தி ஒரு பெண் நடந்த தெருக்கள் அங்கேதான் இருந்தன. அந்தப் பாத்திரத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கடைமடைக்காரி. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால், மதகில் பூத்தூவுவதை அன்றைக்கே தொலைக்காட்சியில் பார்த்துவிடுவோம். தண்ணீரைப் பார்க்கத்தான் நாள் எண்ண வேண்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, மேலே இருப்பவர்களுக்கெல்லாம் பாய்ந்தது போக மிச்சம் எங்களுக்கு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாள் வாஞ்சையாகப் பேச்சுக் கொடுத்தார். கையில் முறுக்குப் பொட்டலம். எந்த ஊர் என்றார், சொன்னேன். ஒரு முறுக்கை எடுத்து நீட்டிக்கொண்டே, "ஊரில் எந்தப் பக்கம்?" என்றார்.

சிரிக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு உரை எழுத வேண்டிய தேவை இந்த மண்ணில் யாருக்கும் இல்லை. நான் பக்கத்தைச் சொன்னேன். நீட்டிய முறுக்கு பாதி வழியில் நின்றது. பிறகு பொட்டலத்துக்கே திரும்பிப் போய்விட்டது. எனக்கு அப்போது பதினேழு வயது. திருப்பிச் சொல்ல நாக்கில் ஒன்றும் இல்லை.

வாழ்க்கைதான் அடையாளம் தருகிறது என்று எதிரணியில் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னீர்கள். மறுக்கவில்லையே! தருகிறது, கேட்காமலே தருகிறது. நாம் பிறப்பதற்கு முன்பே நமக்கு ஒரு தெருவை ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. அதற்குப் பெயர் தேடலா? தலையில் கட்டிவிடுவது, அவ்வளவுதான்.

என் நாக்கில் இல்லாத பதில், இரண்டு வருடம் கழித்து மணிமேகலை வகுப்பில் கிடைத்தது. ஆபுத்திரன் கதை. பெற்றவள் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. இளம்பூதி என்கிற அந்தணர் எடுத்து வளர்த்து, வேதமும் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் பையன் ஒரு வேள்விச் சாலையில் கொம்பில் பூ சுற்றிய பசுவைப் பார்க்கிறான். விடிந்தால் அதற்குச் சாவு. இரவோடு இரவாக அதை அவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுகிறான். பிடித்து அடிக்கிறார்கள். அடிக்கும்போது ஒருவர் பிறப்பைக் கிளறுகிறார்: இவன் மாட்டுக்குப் பிறந்தவன். 'ஊரில் எந்தப் பக்கம்' என்பதன் பழைய பதிப்பு, நடுவர் அவர்களே!

பையன் அழவில்லை. என்ன சொல்கிறான் தெரியுமா? அசலன் பசுவின் மகன். சிருங்கி மான்மகன். விரிஞ்சி புலிமகன். கேசகம்பளன் நரிமகன். இவர்களெல்லாம் உங்கள் குலத்து முனிவர்கள்தானே, மாட்டுமகன் என்றால் அதில் என்ன இழிவு?

இந்தப் பதிலை அவனுக்கு எது கொடுத்தது? வாழ்க்கை அவனுக்கு அடி கொடுத்தது. வளர்த்தவர் வீட்டைவிட்டு விரட்டினார். ஊர்க்காரர்கள் பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். பதிலைக் கொடுத்தவை அவன் கேட்டு வளர்ந்த கதைகள். அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த முறுக்கு அம்மாளை மறுபடி பஸ்ஸில் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. இன்றுவரை பார்க்கவில்லை. பார்த்தால் இப்போது முறுக்கு நான் வாங்கித் தருவேன், அது வேறு.

நான் இன்று தமிழாசிரியை. பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவன். மணிக்கட்டில் இரண்டு நிறம் முறுக்கிய கயிறு. வெயிலில் வெளுத்து, வியர்வையில் கறுத்து, முடிச்சு தோலோடு ஒட்டிப் போன கயிறு. அது என்ன கயிறு என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் இப்படி வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. சரியான பரிந்துரைதான். ஆனால் கத்தரிக்கோலோடு வகுப்புக்குள் போனால் கயிறு மட்டும்தான் அறும்.

இங்கே எதிரணியில் கடைசியாகப் பேசிய தம்பி ஒரு நல்ல கேள்வியை வைத்துவிட்டுப் போனார். இன்று மாலை பேசியதிலேயே நல்ல கேள்வி அதுதான். "அந்தக் கயிற்றைக் கட்டியதே ஒரு கதைதானே? நாம் ஆண்ட பரம்பரை என்று யாரோ சொன்ன கதைதானே?" ஆமாம் தம்பி, கதைதான். நீங்கள் எனக்காகவே பேசியிருக்கிறீர்கள்! பதினாறு வயதுப் பையன் தன்னை யார் என்று நம்புவது ஒரு கதையால்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். கெட்ட கதை ஏறிய மண்டையில் அறிவுரை இறங்காது, சுற்றறிக்கை இறங்காது. அதைவிட நல்ல கதை ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம். நான் ஆபுத்திரனைச் சொன்னேன்.

வகுப்பு என்ன செய்தது? ஒருவரையொருவர் மான்மகன், புலிமகன் என்று கூப்பிட ஆரம்பித்தது! இலக்கியம் நடத்தியதற்குக் கிடைத்த பலன் இதுதானா என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கயிற்றுக்காரன் மட்டும் சிரிக்காமல் இருந்தான். மணி அடித்த பிறகு வந்து, "அவன் திரும்பி வந்தானா டீச்சர்?" என்றான்.

வந்தான். இந்தப் பிறவியில் அல்ல. மறுபிறப்பில் சாவகத் தீவில் புண்ணியராசன் என்று அரசனாக இருக்கிறான். முற்பிறப்பு அறிந்து, அந்தப் பிறவியில் தான் உயிர்விட்ட மணிபல்லவத் தீவுக்குக் கப்பலேறி வந்து, தன் எலும்பைத் தானே பார்க்கிறான். இதெல்லாம் நடக்கிற காரியமா என்பீர்கள். போன வருடம் எங்கள் ஊருக்கு மலேசியாவிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். அவள் பாட்டி ஏழு வயதில் பெற்றோருடன் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். பேத்தியிடம் பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. பாட்டி சொன்ன கதை மட்டும் இருந்தது: குளத்தங்கரை ஐயனார், அவர் குதிரைக்கு ஒரு காது உடைந்திருக்கும். நான்கு ஊர்க் குளங்களைச் சுற்றிவிட்டு எங்கள் குளத்துக்கு வந்தாள். குதிரையைப் பார்த்ததும் கைப்பேசியில் பாட்டியை அழைத்துக் காட்டினாள். அந்தக் கிழவி கேட்ட முதல் கேள்வி: "இன்னுமா அந்தக் காதை ஒட்டவில்லை?"

விமான டிக்கெட் வாங்கியது அவளுடைய சம்பளத்தில்தானே என்று எதிரணி கேட்கும். சம்பளத்தில்தான். எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று சொன்னது பாட்டியின் கதை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கிய அன்றுதான் ஒருவன் ஆளாகிறான் என்றும் சொன்னீர்கள். வாங்கட்டும், நன்றாக இருக்கட்டும். அந்த விடுதி அறையில் இரவு பத்துப் பேர் படுத்துக்கொண்டு பேசுவதை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். சம்பளத்தையா பேசுகிறார்கள்?

சரி, பாத்திரம். வீடு இழந்த ஆபுத்திரன் மதுரையில் பிச்சை எடுத்தான். குருடர், செவிடர், முடவரையெல்லாம் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தின்று, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தான். அவன் கைக்கு வந்ததுதான் அமுதசுரபி. அது பின்னால் மணிமேகலை கைக்கு வந்தது. பாட்டி சித்திராபதி 'நீ ஆடப் பிறந்தவள்' என்று வாழ்க்கையைத் தயாராக எடுத்து நீட்டினாள். பேத்தி அதை வாங்கிக்கொள்ளவில்லை. புகாரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொல்லி அரசனிடம் கேட்டு வாங்கினாள். சோறு போட்டதா ஐயா, கதை?

நடுவர் கை மணிப் பக்கம் போகிறது. ஒரே நிமிடம். அந்த மாணவன் இன்று வந்திருக்கிறான். கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது, மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன். பொங்கல் விளையாட்டுக்குக் கொண்டுவந்த கிரிக்கெட் மட்டையில் போன வாரம் பேனாவால் பெரிதாக ஒரு பெயர் எழுதியிருக்கிறான். மட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். இதோ. எதிரணித் தலைவர் அவர்களே, கொஞ்சம் ஒலிபெருக்கிப் பக்கம் வந்து, அதைச் சத்தமாகப் படியுங்கள்.