இரவிலிருந்து தொடங்குங்கள்: குழந்தைகளோடு ஏலகிரியில் ஒரு கூடார முகாம்

(காட்சி: ஏலகிரி மலைப்பாதை, மாலை வெயில்)

வணக்கம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு கூடாரம் அடித்துத் தங்கப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் பகலைத்தான் திட்டமிடுகின்றன. எந்த மலையில் ஏறுவது, எங்கே படகில் போவது, மதியம் எங்கே சாப்பிடுவது என்றே பேச்சு ஓடுகிறது. ஆனால் பகலில் ஏதேனும் குறைந்தால் அதைச் சரிசெய்ய வெளிச்சம் இருக்கிறது, கடை இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறது. இரவு 11 மணிக்கு ஐந்து வயதுக் குழந்தை குளிரில் விழித்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் அழும்போது, நாம் கொண்டுபோனது மட்டுமே கைகொடுக்கும். ஆகவே முகாமை இரவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறையை, திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி மலையை எடுத்துக்காட்டாக வைத்து இந்த வீடியோவில் விளக்குகிறோம்.

முதல் முகாமுக்கு ஏலகிரி பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. சுமார் 1,100 மீட்டர் உயரம் என்பதால் குளிர் உண்டு, ஆனால் கொடைக்கானல், ஊட்டி அளவுக்கு நடுக்குவதில்லை. மலைமேல் ஊர்களும் கடைகளும் இருக்கின்றன. அடிவாரத்தில் ஜோலார்பேட்டை ரயில் சந்திப்பு இருக்கிறது. மலை ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வளைவுகளில் குமட்டும் பழக்கமுள்ள பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவிட்டு, அடுத்த வளைவு யார் பெயரில் வருகிறது என்று சன்னல் வழியே பார்த்துச் சொல்லச் சொன்னால், கண் தொலைவில் நிலைக்கும், வயிறும் ஓரளவு அடங்கும். வாந்தி வந்தால் எடுக்க ஒரு பையும் மாற்றுச் சட்டையும் பெட்டியின் அடியில் அல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

(காட்சி: நாட்காட்டி)

இப்போது காலத்துக்கு வருவோம். மார்ச் முதல் மே வரை மலைப்புல் காய்ந்து, காட்டுத்தீக்கு ஏதுவாக இருக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. கோடை விடுமுறை அந்த மாதங்களில்தான் வருகிறது என்பதால் பெற்றோருக்கு இது சங்கடமான செய்திதான்; இருந்தாலும் கோடையில் கூடாரத்தைவிட விடுதி அறையே நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, அரையாண்டு விடுமுறையின் கடைசி நாட்களும் பொங்கல் விடுமுறையும்தான் எஞ்சுகின்றன. அவை போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகான காட்சிமுனையைத் தேட வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பது சட்டப்படி குற்றம். குழந்தைகளோடு அது பெருந்தவறும்கூட. 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாடு மாவட்டம் மேப்பாடி அருகே, ஒரு தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். கட்டணம் வாங்கும் இடமெல்லாம் பாதுகாப்பான இடம் அல்ல என்பதற்கு அந்த ஒரு நிகழ்ச்சி போதும். ஊருக்குள், வேலியும் விளக்கும் இரவுக் காவலாளும் உள்ள முகாமிடத்தைத் தேடுங்கள். முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போது கூடாரத்தின் நிறத்தையும் இரவு உணவின் வகைகளையும் கேட்பதற்கு முன்பு, கூடாரத்திலிருந்து கழிப்பறை எத்தனை அடி தூரம், வழியில் விளக்கு இருக்கிறதா, மழை கொட்டினால் ஒதுங்கக் கட்டடம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

கூடாரத்தை மரத்தடியில் அடிப்பது பகலில் சுகமாகத் தோன்றும். இரவுக் காற்றில் காய்ந்த கிளை முறிந்து விழுவதும், இடி இறங்குவதும் அங்கேதான். ஓடைக்கரையும் வேண்டாம், மேலே எங்கோ பெய்யும் மழைக்குக் கீழே தண்ணீர் சொல்லாமல் ஏறும். இடி மின்னலின்போது துணிக்கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது, ஆகவே உறக்கத்தைக் கலைத்தாவது குழந்தைகளைக் கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.

(காட்சி: மொட்டைமாடியில் கூடாரம் விரிக்கும் குடும்பம்)

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டு மொட்டைமாடியில் ஒருநாள் இரவு அதே கூடாரத்தில் உறங்கிப் பாருங்கள். மாடியில் முளை அடிக்க முடியாது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்தால் போதும். இந்த ஒத்திகையைப் பலர் விளையாட்டாக நினைக்கிறார்கள், எங்களுக்கோ இது பயணத்தின் பாதி வேலை. ஜிப் சிக்குகிறதா, டார்ச்சில் பேட்டரி நிற்கிறதா, இருட்டில் துணி படபடக்கும் ஓசைக்குக் குழந்தை பயப்படுகிறதா என்பதெல்லாம் படுக்கையறைக்குப் பத்துப்படி தூரத்தில் தெரிந்துவிடும். நள்ளிரவில் பிள்ளை கீழே போக வேண்டும் என்றால் போய்விடலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

மலையில் குளிர் மேலிருந்து வருவதாக நினைத்துப் போர்வையை அடுக்குகிறோம். உண்மையில் படுத்திருக்கும் உடம்பின் சூட்டைப் பெரிதும் உறிஞ்சுவது தரை. கோரைப்பாயின் மேல் ஜமுக்காளமோ நுரைவிரிப்போ போட்டு, அதன்மேல் ஸ்லீப்பிங் பேக்கோ கம்பளியோ விரித்தால் ஏலகிரியின் ஜனவரி இரவுக்குப் போதுமானது. குரங்குக் குல்லாவும் காலுறையும் மறக்க வேண்டாம். பகலில் போட்டுத் திரிந்த சட்டையில் வியர்வை ஈரம் இருக்கும், அதனால் உறங்குவதற்கென்றே ஓர் உலர்ந்த உடையைத் தனிப்பையில் கட்டிவையுங்கள்.

பிற்பகல் 3 மணிக்கு முன் முகாமிடத்தை அடைய வேண்டும் என்பதை மாற்றமில்லாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் காலத்தில் மாலை 6 மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. நம் நாட்டில் அந்தி நெடுநேரம் நிற்பதில்லை, அரைமணிக்குள் இருள் கவிந்துவிடும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் என்பதால், காலை உணவை முடித்துப் புறப்பட்டாலும் நேரம் இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே குழந்தைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் வேலியின் எல்லையையும் காட்டிவிட்டு, அதே வழியை இருட்டியபின் டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு முறை நடந்து காட்ட வேண்டும். பகலில் பார்த்த இடம் இரவில் குழந்தைக்கு வேறு இடமாகத் தெரிகிறது.

இந்த நடையின்போதே, வழி தவறினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கலாம். 1981 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பாலோமார் மலையில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி இறந்தபின், தேடுதலில் பங்கேற்றவர்கள் குழந்தைகளுக்காக ஓர் எளிய பாடத்தை உருவாக்கினார்கள்: தொலைந்துவிட்டோம் என்று தெரிந்ததும் நடக்காதே, பக்கத்தில் உள்ள மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு. நகராத பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். விளையாட்டுக்கு ஊதுவதற்கு மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கிவிட்டால், பிறகு வீணாக ஊத மாட்டார்கள்.

(காட்சி: தீக்குழியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு)

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் நாளுக்கு வீட்டுப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், மறுநாள் காலைக்குச் சத்துமாவுக் கஞ்சியும் போதும். மலையில் போய்ப் புதிய சமையலைப் பழக வேண்டியதில்லை. குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். குரங்குகள் பையைத் திறக்கவும் அறிந்தவை, ஆகவே தின்பண்டம் காருக்குள் இருக்கட்டும், கூடாரத்துக்குள் பிஸ்கட் பொட்டலம்கூட வேண்டாம்; சிந்திய துணுக்குகள் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும்.

நெருப்பைச் சுற்றி அமர்வதுதான் குழந்தைகள் நினைவில் வைத்திருக்கும் பொழுது. முகாமிடத்தார் அமைத்த தீக்குழியில் மட்டும் மூட்டி, சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் சோளக்கதிரையும் சுட்டு, சுற்றிலும் கல்லோ கயிறோ வைத்து ஒரு வட்டம் போட்டு, பெரியவர் கை பிடிக்காமல் வட்டத்துக்குள் யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். உறங்கப் போகுமுன் சாம்பலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்கு அணைக்க வேண்டும்.

அணையாத கரியைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள் எடுத்துப் போகாதீர்கள். கரி எரியும்போது வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. உறக்கத்தில் இருப்பவரை அது எழுப்புவதில்லை. மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கியவர்கள் மறுநாள் விழிக்கவில்லை என்ற செய்தி மலைவாசத்தலங்களிலிருந்து அவ்வப்போது வருகிறது. கொசுவர்த்திச் சுருளும் உள்ளே வேண்டாம். செயற்கை இழைத்துணி ஒரு பொறியில் உருகிப் பற்றும்.

பாம்பைப் பற்றிய அச்சத்தைக் குழந்தைகளிடம் வளர்க்க வேண்டியதில்லை, பெரியவர்கள் அறிந்திருந்தால் போதும். இரவில் தரையில் உறங்குபவர்களைத் தீண்டுவது பெரும்பாலும் கட்டுவிரியன். அதன் கடியில் வலியும் வீக்கமும் அதிகம் இராது, பல்தடம்கூடக் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். சுவர்த்துணியோடு சேர்த்துத் தைத்த அடிப்பாகமும், எப்போதும் மூடியிருக்கும் ஜிப்பும் உள்ள கூடாரம் இதற்கு நல்ல காப்பு. அதனால்தான் பழைய பாணித் திறந்த கூடாரத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. செருப்பை உள்ளே வைத்துக்கொண்டு, காலையில் உதறிவிட்டு அணியுங்கள். விடியற்காலையில் பிள்ளை காரணமின்றி வயிற்றுவலி என்று சொல்லி, கண்ணிமை சரியத் தொடங்கினால், கடித்ததைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று தயங்காமல் 108ஐ அழையுங்கள். கட்டுப்போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். குழந்தையை நடக்கவிடாமல், அசைக்காமல், பாம்புக்கடி நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்துத் தாளில் எழுதிவையுங்கள், ஏனென்றால் மலையில் கைப்பேசி சிக்னல் எல்லா மூலையிலும் கிடைப்பதில்லை.

(காட்சி: இரவு வானம்)

இவ்வளவையும் செய்து முடித்தால் 8 மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிடலாம். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் யாரேனும் கைப்பேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் உள்ள ஜவ்வாது மலையின் காவலூரில்தான் 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. நகர வெளிச்சத்துக்கு விலகிய இந்தப் பகுதியின் வானத்தை நம்பியே வானியலாளர்கள் அங்கே வந்தார்கள். ஜனவரி முன்னிரவில் கிழக்கே பார்த்தால் வேட்டைக்காரனின் இடைக்கச்சை போல வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். நிலா இல்லாத வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் விண்மீன் அதிகம். இருட்டுக்கு அஞ்சும் பிள்ளை என்றால் வளர்பிறைக் காலமே மேல்.

ஊர் திரும்பியதும் கூடாரத்தை மாடியில் நன்றாகக் காயவைத்து மடியுங்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புல்வெளிகளில் உள்ள மிகச்சிறிய பூச்சிகள் கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த பொருக்கு தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். காலத்தே கண்டறிந்தால் மருந்தில் குணமாகும். பயணம் முடிந்த மூன்று வாரங்களுக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், மலையில் கூடாரத்தில் தங்கினோம் என்பதை அவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.