பிளாக் செய்தும் ஏன் வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் போனை எடுத்தால், "கடன் வேணுமா சார்?" அந்த எண்ணை பிளாக் செய்கிறீர்கள். மறுநாள் அதே குரல், வேறு எண்ணில்.

பிளாக் என்பது உங்கள் போன் வைத்திருக்கும் ஒரு பட்டியல். அதில் இருக்கும் எண் வந்தால் மணி அடிக்காது. எண்ணைத்தான் தடுக்கிறது, ஆளைத் தடுக்காது. இணையம் வழியாக அழைப்பவர்கள், உங்கள் திரையில் தெரியும் எண்ணையே போலியாகப் போட முடியும். உங்கள் எண்ணைப் போலவே தொடங்கும் எண்ணாகப் பார்த்துப் போடுவார்கள், தெரிந்தவர் என்று நினைத்து எடுப்பீர்கள் அல்லவா? கோபத்தில் திருப்பிக் கூப்பிட்டுத் திட்டினால், எடுப்பவர் ஒன்றுமறியாத யாரோ ஒருவர். தயவுசெய்து திட்டாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: எண்ணைத்தான் தடுக்கிறது, ஆளை இல்லை.

அதனால் எண் எண்ணாக பிளாக் செய்வதோடு நிற்கக் கூடாது. ஐபோனில், 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 இயங்குதளம் முதல், தெரியாத எண்களின் மணியை அடக்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் போன் பகுதிக்குள் பாருங்கள், புதிய ஐஓஎஸ்ஸில் அந்தப் பகுதி 'ஆப்ஸ்' என்பதற்குள் இருக்கும். அழைப்பு சத்தமில்லாமல் வந்துபோகும், பட்டியலில் மட்டும் தெரியும். மருத்துவமனை, பள்ளி எண்களை முதலில் சேமித்துவிட்டு இதைப் போடுங்கள். இல்லையென்றால் அவசர அழைப்பும் சத்தமில்லாமல் போய்விடும்.

ஆண்ட்ராய்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. கூகுள் போன் செயலியில், பிளாக் செய்த எண்கள் பகுதியில் 'அன்னோன்', அதாவது 'தெரியாதவர்', என்று ஒரு பொத்தான் இருக்கும். அது எண்ணை மறைத்து அழைப்பவர்களை மட்டுமே தடுக்கும். நீங்கள் சேமிக்காத எண்கள் வழக்கம்போல் ஒலிக்கும். போட்டும் வேலை செய்யவில்லை என்று அதை அணைத்துவிடாதீர்கள், அதன் வேலையே அவ்வளவுதான்.

இனி எஸ்எம்எஸ். கூகுள் மெசேஜஸில் அந்த உரையாடலை அழுத்திப் பிடித்து பிளாக் கொடுங்கள், ஸ்பேம், அதாவது வேண்டாத செய்தி, என்று புகார் செய்யும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்ததற்கு 'ஸ்டாப்' என்று பதில் போடாதீர்கள், இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். விளம்பரமும் ஓடிபியும் ஒரே பெயரில் வந்தால், பிளாக் செய்ததும் ஓடிபியும் சேர்ந்து மறையும். ஓடிபி வரவில்லையா? ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நேரம் முடியப்போகிறது. வாட்ஸ்அப் பட்டியல் தனி, போனில் பிளாக் செய்த எண் அங்கே வரும், அங்கேயும் தனியாகச் செய்ய வேண்டும். ஒரே ஒரு ரிங் அடித்து நின்றுபோகும் வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பி அழைக்காதீர்கள், கட்டணம் உங்கள் தலையில்தான். வணக்கம்.