தனி ஆளாக அனிமேஷன் படம் செய்பவருக்கு இணையக் குழு எப்படி உதவும்?

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. பிளெண்டர் என்ற இலவச 3D மென்பொருளில் ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறாராம். "குழுக்களில் போட்டால் 'சூப்பர் ப்ரோ' என்பதோடு முடிந்துவிடுகிறது. இதனால் என் வேலை எப்படி நகரும்? கதையை யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் கேள்வியோடு அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எல்லாமே ரெண்டர் (கணினி இறுதிப் படமாக ஆக்கித் தரும் வேலை) முடித்து, நிறமும் சரிசெய்து வைத்த படங்கள். அவற்றுக்கு 'சூப்பர்' என்பதைத் தவிர என்ன சொல்வார்கள்? முடிந்த வேலையில் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. சொன்னாலும் அதை மாற்றும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம், நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) என்றால் மொத்தம் 7,200 பிரேம். ஒரு பிரேமுக்கு இரண்டு நிமிடம் ரெண்டர் என்று வைத்தாலும் 240 மணி நேரம். கணினியை அணைக்காமல் ஓட்டினால் பத்து நாள். அதற்குப் பிறகு ஒருவர் வந்து, "இந்தக் காட்சியே தேவையில்லையே" என்றால் வயிறு எரியும். அனிமேட்டிக், அதாவது கோட்டோவிய முன்வடிவ நிலையிலேயே சொல்லியிருந்தால் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அதனால் அனிமேட்டிக்கைப் போடுங்கள். கோட்டோவியங்களை வரிசையாக வைத்து, தற்காலிக ஒலியோடு ஓட்டிய வடிவம் போதும். அசைவில் சந்தேகம் என்றால், சாம்பல் நிற உருவங்களோடு ஒரு ஷாட்டை மட்டும் போடுங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "0:40-இல் பாட்டி ஏன் கோபப்படுகிறாள் என்று புரிகிறதா?" என்று கேளுங்கள், புரியாதவர்கள் தயங்காமல் சொல்வார்கள். நாலு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அதைச் சரிசெய்ய அவர்கள் சொல்லும் வழி உங்கள் கதைக்குப் பொருந்தாமல் போகலாம். அந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், மற்றவர்கள் போடுவதையும் உட்கார்ந்து பாருங்கள். "பையன் கூடையைத் தூக்கும்போது இடுப்பில் எடையே தெரியவில்லை" என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரின் வேலையைத்தான் மற்றவர்களும் நேரம் ஒதுக்கிப் பார்ப்பார்கள். அடுத்தவர் ஷாட்டில் இதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண், உங்கள் ஷாட்டிலும் கண்டுபிடிக்கும்.

நீங்கள் பயன்படுத்தும் பிளெண்டரே இப்படி ஒரு கூட்டத்தால் பிழைத்ததுதான். 2002-இல் அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, பிளெண்டரை உருவாக்கிய டான் ரோசண்டால் இணையத்தில் பணம் திரட்டினார். ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பிளெண்டரிலேயே செய்து 2008-இல் வந்த 'பிக் பக் பன்னி' படத்தின் தயாரிப்புக் கோப்புகளையும் பொதுவில் வைத்தார்கள். அவற்றை இறக்கித் திறந்து பாருங்கள். முயலின் முகத்துக்கு ரிக் (உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடு போன்ற அமைப்பு) எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதை உள்ளே போய்ப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' அனிமேஷன் படம் பிளெண்டரில் செய்யப்பட்டது. "ஒரே ஆள் இலவச மென்பொருளில் செய்து ஆஸ்கர் வாங்கினார்" என்று பலர் பகிர்கிறார்கள். அது சரியில்லை. அதன் இயக்குநர், லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் தனி ஆளாகச் செய்தது அதற்கு முந்தைய படத்தை. 'ஃப்ளோ'வுக்கு லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் என மூன்று நாட்டுக் குழுக்கள் வேலை செய்தன. தனியாகத்தான் முடிப்பேன் என்ற பிடிவாதம் உங்களுக்கும் வேண்டாம். இசைக்கு ஆள் வேண்டுமா? முழுப் படத்துக்கும் கூப்பிடாதீர்கள். இருபது நொடிக் காட்சி ஒன்றைக் கொடுத்து, சேர்ந்து வேலை செய்ய முடிகிறதா என்று பாருங்கள். ஒத்துவந்தால் பணம், பெயர், உரிமை மூன்றையும் அன்றே எழுத்தில் வையுங்கள். நட்பு கெடும் என்று கூச்சப்பட்டு இதைத் தள்ளிப்போடுகிறார்கள். எழுதாமல் விட்டால்தான் கெடுகிறது.

திருட்டுப் பயம் சரி, புரிகிறது. நம் நாட்டில் படைத்த உடனேயே பதிப்புரிமை உண்டு, பதிவு கட்டாயமில்லை. ஆனால் வெறும் யோசனைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் கதையின் முடிவை வெளியிடாதீர்கள். வீடியோவைச் சின்ன அளவில் போடுங்கள், பிளெண்டர் மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள். இவ்வளவு போதும். உண்மையில் இன்னொரு பக்கம்தான் கவனம் வேண்டும்: நீங்கள் மற்றவர்களிடமிருந்து எடுப்பது. பாலி ஹேவன் தளத்தில் உள்ள இலவச மாடல்களுக்கு சிசி ஜீரோ உரிமம், எப்படியும் பயன்படுத்தலாம். சிசி பை உரிமம் என்றிருந்தால் ஆக்கியவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும். இறக்கும்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். படவிழாவுக்கு அனுப்பும் நேரத்தில் அந்த மர மாடலை எங்கே எடுத்தோம் என்று தேடினால் கிடைக்காது.

இந்த வாரம் ரெண்டரை நிறுத்திவிட்டு அனிமேட்டிக்கைப் போடுங்கள் தம்பி. பிளெண்டர் ஆர்ட்டிஸ்ட்ஸ் தளத்தில் பாதியில் இருக்கும் வேலைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.